வெயில் நாளின் கழிவு

பெப்ரவரி 11, செவ்வாய்.

பிழை அகப்பட்டுவிட்டது. சந்தோஷம் வரவில்லை.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின்தராசுக்கு நான் எழுதிய புரோகிராம், மூன்று வாரமாகச் சிலருக்கு எடையைக் குறைத்துக் காட்டியது. நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு போட ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தாத நாளில் கழிவு பூஜ்ஜியம் என்று நான் எழுதவே இல்லை. கம்பைலரும் ஒன்றும் சொல்லவில்லை. மெமரியில் பழையதாகக் கிடந்த ஏதோ ஓர் எண்ணைக் கழித்திருக்கிறது. சோதித்தபோதெல்லாம் இங்கே மழை. பட்டனை அழுத்தியே பழகிவிட்டேன். வெயில் நாள் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. ஆனால் கழித்த எண் எங்கும் பதிவாகவில்லை. யாருக்கு எவ்வளவு குறைந்ததென்று இனி எனக்கும் தெரியாது.

கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு, கிலோ போதவில்லை என்று நாலு நாள் அரைப்பேர் போட்டார்கள், பாதி நாள் சம்பளம்தான். இன்று சாப்பிடும்போது சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "மெஷின் என்னப்பா செய்யும்? எனக்குத்தான் முன்ன மாதிரி கை ஓட மாட்டேங்குது," என்றாள்.

நான் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.