பாட்டிலை விட்டு அளவெடுத்த பை

சைக்கிள் சாவியைத் தேடாதே, என் நூல்கண்டு டப்பாவில் இருக்கிறது. ஒளித்து வைத்தது நான்தான். "இனிமே சைக்கிளைத் தொட்டுப் பாரு, தெரியும்" என்று கத்தியதும் நான்தான். ஒரு வாரமாக நீ முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோபம் உன் மேல் இல்லை, என் மேல்தான். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவன், உன் சைக்கிள் ஃப்ரேமின் நடுவே மாட்டப் பை தைக்கும்போது, அங்கேயே இருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு அளவெடுத்திருக்கிறேன். பை கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டும்போது பாட்டிலை உருவத்தான் இடமில்லை. நான் வருத்தப்படுவேன் என்று நீயும் சொல்லவில்லை. வெயிலில் நீ மயங்கி விழுந்த அன்று, சைக்கிளைக் கொண்டுவந்து பார்த்தால் பாட்டில் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

அன்று போனில் உன் பெயர்தான் வந்தது. எடுத்தால் யாரோ ஒரு ஆள், "இந்தம்மா உங்களுக்கு யாருங்க?" என்றார். மனைவி என்று சொல்லிவிட்டு, கடையைப் பூட்டாமலே ஓடிவந்தேன். அதிலிருந்து போன் அடித்தாலே தைப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்று கடையில் ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

காலையில் பையைப் பிரித்து, மேல்பாதியை மட்டும் வைத்துத் தைத்திருக்கிறேன். இந்தத் தடவை பாட்டிலை மாட்டியே அளவெடுத்தேன். இருபது முறை உருவிப் பார்த்தாயிற்று. இன்னொன்றும் சேர்த்து இரண்டு பாட்டில் நிரப்பியிருக்கிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது. போய் வா.

பி.கு.: பாலத்தருகே நிறுத்தித் தண்ணீர் குடித்ததும் ஒரு போன் போடு. பேசப் பிடிக்காவிட்டால் திட்டிவிட்டு வை. உன் பெயர் வரும்போது உன் குரல் வந்தால் போதும்.