மலை முதலில், மிருகம் பிறகு

ஆடி 19, திங்கள்

காலையிலேயே வெக்கை. ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்து வழிகிறது. இந்த ஷார்ஜாவில் கண்ணாடிக்குக்கூட வேர்க்கும்.

இன்றைய வேலை, கம்பளிச் சட்டைகளை மடித்து வைப்பது. ரோலா கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். வெளியே நெருப்பு, கட்டில் முழுக்கக் கம்பளி. தொட்டாலே அரிப்பு.

இரண்டு பை. ஒன்று மலைக்கு, ஒன்று மிருகத்துக்கு. மலைப் பையோடு மகன் பழனிசாமியும் பேத்தி கீர்த்தனாவும் முதலில் ஆப்பிரிக்கா போகிறார்கள். அவர்கள் மலை இறங்கி வரும் நேரத்துக்கு நானும் மருமகள் சுமதியும் மிருகப் பையோடு போய்ச் சேர வேண்டும். பிறகு நாலு பேரும் ஒரே ஜீப்பில் யானை, சிங்கம் பார்க்க. இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. ஏன் இரண்டையும் சேர்த்தார்கள் என்பது விளங்கவில்லை. அவ்வளவு தூரம் போய் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருவதா என்கிறான் மகன்.

மலை ஆசை பழனிசாமியுடையது. அம்பது வயசு, சைட்டில் இன்ஜினியர், இப்போது போகாவிட்டால் எப்போது என்று பேச்சு. கீர்த்தனா துணைக்குத்தான். அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று ஆபீசில் சண்டை போட்டு லீவு வாங்கினாள். அதில் எனக்குப் பெருமை.

முதுகில் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு இருவரும் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். வாட்ச்மேன் பாய் வந்து, லிப்ட் நன்றாகத்தானே ஓடுகிறது என்று சுமதியிடம் இந்தியில் கேட்டாராம்.

ஆடி 21, புதன்

வீட்டில் கவிச்சியை நிறுத்திவிட்டேன். மலை ஏறுகிற வீட்டில் அப்படித்தான். பழனிசாமியின் அப்பா வெள்ளியங்கிரி ஏறும்போது பச்சைத் தண்ணீரில் குளித்து விரதம் இருப்பார். சுமதி வாங்கிய கோழியை ப்ரீசர் அடியில் தள்ளிவிட்டேன். கீர்த்தனா கண்டுபிடித்துவிட்டாள். "புரோட்டீன் வேணும் ஆத்தா. மலையேறப் பழக்கற கோச் திட்டறாரு."

உச்சியில் என்ன சாமி என்று கேட்டேன். சாமி இல்லையாம். ஒரு பலகை இருக்கிறதாம். அதன் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்களாம்.

பலகைக்கா இவ்வளவும்.

கடைசியில் முட்டைக்குச் சம்மதித்தேன். முட்டை கவிச்சியா இல்லையா, எனக்கே குழப்பம்.

அந்தக் காலத்தில் வெள்ளியங்கிரியில் வயசுப் பெண்களை ஏற விடமாட்டார்கள். நான் அடிவாரத்தோடு சரி. வயசான பிறகு முழங்கால் விடவில்லை. அதை இப்போது எழுதி என்ன. புளி ஊறப்போட வேண்டும்.

ஆடி 23, வெள்ளி

போய்விட்டார்கள். ஆடியில் யாராவது இப்படிப் பயணம் கிளப்புவார்களா. லீவு ஆடியில்தான் கிடைத்ததாம்.

இரண்டு பேருக்கும் திருநீறு பூசினேன். அப்பனை விட்டுவிட்டு முன்னால் ஓடக்கூடாது என்று கீர்த்தனாவிடம் சொன்னேன். சரிங்க ஆத்தா என்றாள்.

தோசை மாவு மீதி. கல்லில் ஊற்றினால் தின்ன ஆள் இல்லை.

ஆடி 24, சனி

எதிர் வீட்டுக் கதீஜா வந்தாள். கீழக்கரைக்காரி, அவள் வீட்டுக்காரர் கீழே கடை வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "மலையிலயும் ஏறுறாஹ, சிங்கத்துக்கிட்டயும் போறாஹ. வூட்டுல ஏதும் சண்டையா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோசமும் வந்தது.

ஆடி 27, செவ்வாய்



சுமதி கிளினிக்கில் டூட்டி. மத்தியானம் கீர்த்தனா போன். ஒரே காற்றுச் சத்தம். பழனிசாமிக்கு வாந்தி, தலைவலி, நேராக நடக்க முடியவில்லை. உயரத்தால் வருவதாம், இறங்கினால் சரியாகுமாம். வழிகாட்ட வந்த ஆள் ஒருவர் அவனைக் கீழே கூட்டிப் போகிறார். கூட ஏறுகிற மற்றவர்கள் இன்று ராத்திரி உச்சிக்கு. இவள் எந்தப் பக்கம் என்று உடனே சொல்லியாக வேண்டும்.

"அம்மா போன் எடுக்கல ஆத்தா. நீங்க சொல்லுங்க. நான் மேல போகட்டுமா, அப்பாகூட இறங்கட்டுமா?"

உங்கப்பனைக் கேளு என்றேன்.

"அவரு வேண்டாம்பாரு. நீங்க சொன்னீங்கன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அது நிஜம். என் பேச்சை அவன் தட்டியதில்லை.

உனக்குத் தலை வலிக்குதா? இல்லை. வயிறு? பசிக்கிறதாம்.

துணைக்குப் போனவள் கூடத்தான் இறங்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போயிட்டு வா கண்ணு" என்று வந்துவிட்டது. போன் கட். அவள் காதில் விழுந்ததா, தெரியாது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

சுமதி வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைக் கேக்காம எப்படிங்க அத்தை சொன்னீங்க? பெத்தவ நானு."



ஆடி 28, புதன்

பழனிசாமி ஓட்டலுக்கு இறங்கிவிட்டான். தலைவலி போய்விட்டது, சோறு சாப்பிட்டேன் என்று சுமதிக்குச் செய்தி. பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

சுமதி காப்பி வைத்தாள். பேசவில்லை.

மகன் தனியாகக் கிடக்கிறான். பேத்தி எங்கே நிற்கிறாளோ. இரண்டும் என் வாயால். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இறங்கு என்று சொல்லியிருந்தால்? அப்போது வாழ்நாள் பூராவும் என்னைச் சொல்லுவாள். எதுதான் சரி.

பீன்ஸ் அரியும்போது விரலில் கத்தி.

மத்தியானம் போட்டோ வந்தது. பலகை. ஏழெட்டுப் பேர், மூஞ்சி முழுக்கத் துணி. சுமதி விரலால் பெரிசாக்கினாள். ஒரு காலைச் சாய்த்து நிற்கிறதே, அதுதான் கீர்த்தனா. அப்பனும் அப்படித்தான் நிற்பான். சுமதி அழுதாள், பிறகு சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் கதீஜா வீட்டுக் கதவைத் தட்டிக் காட்டினேன். போகச் சொன்னது நான்தான் என்று பெருமையடிக்கக் கூடாது என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன்.

ஆடி 29, வியாழன்

கீர்த்தனாவும் ஓட்டலுக்கு வந்துவிட்டாள். கால் நகம் ஒன்று கறுத்துவிட்டதாம். அதெல்லாம் பெரிதில்லை. "அப்பா பேச மாட்டேங்கறாரு ஆத்தா. சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டாரு."

திட்டினால்கூடத் தேவலை. இவன் எதற்கு வாயை மூடிக்கொள்கிறான்? தான் ஏறவில்லை என்றா, அவள் ஏறினாள் என்றா, நான் அனுப்பினேன் என்றா?

நாளை மறுநாள் நாங்கள் கிளம்ப வேண்டும். இங்கே சுமதி என்னிடம் பேசுவதில்லை, அங்கே அவன் மகளிடம் பேசுவதில்லை. ஒரே ஜீப்பு. சிங்கமே எதிரில் வந்தாலும் ஒருத்தருக்கு ஒருத்தர் கைகாட்ட மாட்டார்கள்.

ஆடி 30, வெள்ளி

பழனிசாமி என்னைக் கூப்பிட்டான். முந்திக்கொண்டு சொன்னேன், போகச் சொன்னது நான், அவள்மேல் கோபப்படாதே என்று.

"நானும் மேல போன்னுதானுங்கம்மா சொல்லியிருப்பேன். எங்கிட்ட அவ கேக்கவே இல்லீங்களே."

பிறகு ஜீப்பில் முன் சீட்டு எனக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், அது அதிகம் குலுங்காது என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

வேண்டாம் என்றுதான் சொல்லுவான் என்று அவள் நினைத்தாள். சின்னப் பெண், போகட்டும். பெற்ற நானும் அப்படித்தானே நினைத்தேன்.

இதை அவளிடம் சொல்வதா? சொன்னால் உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால் இவன் இப்படியே இருப்பான். சுமதியிடம் கேட்டேன். மூணு நாளில் முதல் பேச்சு அவளிடமிருந்து.

"நீங்க சொல்லாதீங்க அத்தை. அவரு வாயாலயே சொல்லட்டும்."

இவன் அப்பாவும் எதையும் வாய்விட்டுச் சொன்ன ஆளில்லை.

ஆடி 31, சனி

புழுக்கம். கார் இப்போது வந்துவிடும். மாத்திரை, பாஸ்போர்ட், சால்வை, ஊறுகாய். ஊறுகாயை விடுவார்களா தெரியாது.

ஜீப்பில் சீட்டு எப்படி என்று சுமதியிடம் கேட்டேன். முன்னால் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் இரண்டாம். அப்படியென்றால் நான் முன்னால் என்றேன். கொஞ்சம் என்னையே பார்த்தாள்.

"நான் பையெல்லாம் வச்சுக்கிட்டு கடைசியில உக்காந்துக்கறேங்க அத்தை. கால் நீட்டணும்னு சொல்லிடறேன்."

அவர்கள் இரண்டு பேருக்கும் நடு வரிசைதான். அவன் பேசுவானா, தெரியாது. நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

ஹாரன் கேட்கிறது. கேஸ் மூடினேனா, பார்க்க வேண்டும்.