அட்டையில் வெட்டுப்பட்ட வரி

நவம்பர் 6, திங்கள்
பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மேற்குக் குயின்ஸ்லாந்தில் மின்கம்பம் ஏறும் ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் இருக்கிற சூத்திர அட்டை நான் தயாரித்தது. கீழே அச்சாகியிருப்பது கிளைவ் ரென்னிக்கின் பெயர். இன்று என் மேலதிகாரி.

பண்ணைக்கார நொரீன் டக்வெல் போனில் புகார் சொன்னாள். மாடுகள் தண்ணீர்த் தொட்டிவரை வருகின்றனவாம், மூக்கை வைத்ததும் பின்வாங்குகின்றனவாம். தொட்டிக்குப் பக்கத்தில்தான் எங்கள் டிரான்ஸ்பார்மர். கிளைவ் என் பக்கம் திரும்பினான்.

"அவ மாடும் உன்னை மாதிரிதான்பா. எதைக் குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கும்."

நவம்பர் 7
இங்கே ஓடுவது ஒற்றைக் கம்பி. மின்சாரம் திரும்புவது மண் வழியாக. எட்டு ஆம்பியர். மண்ணின் தடை இரண்டு ஓம் என்றால் பதினாறு வோல்ட். இருபதைத் தாண்டாதவரை சரி. ஆனால் அந்த இரண்டை எப்போது அளந்தார்கள்? ஏப்ரலில்! மழை விட்டு மண் இளகி, மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் உலோகத் தண்டு சுலபமாக இறங்கும் மாதம். எல்லோரும் அப்போதுதான் அளப்பார்கள். இப்போது மண் காய்ந்த செங்கல், தடை ஏறியிருக்கும்.

நவம்பர் 9
நொரீன் பண்ணையில் ஆறரை ஓம்! மூன்று முறை அளந்தேன். எட்டு பெருக்கல் ஆறரை — ஐம்பத்திரண்டு வோல்ட். அங்கேயே மின்சாரத்தை நிறுத்தினேன். குழாயைத் தொட்டபோது தனக்கும் சுரீரென்றதாகவும், மூட்டுவலி என்று நினைத்ததாகவும் சொன்னாள் நொரீன்.

நவம்பர் 10
அட்டையின் பழைய கையெழுத்துப் பிரதி கிடைத்தது. V = I × R. அதன் கீழே நான் எழுதியது: 'தடையை மிக வறண்ட மாதத்தில் அளக்கவும்.' அச்சில் அந்த வரி இல்லை. அந்த இடத்தில் அவன் பெயர். பேருக்கு இடம் பண்ண வரியை வெட்டியிருக்கான், பாவி. நான் மட்டும்? பேரு போச்சு பேரு போச்சுன்னு பொருமினேனே, வரி போனதைப் பார்த்தேனா?

நவம்பர் 14
கூடுதல் தண்டுகளை ஆழமாக இறக்கினோம். தடை ஒன்றரை ஓமுக்கு இறங்கியது. மாடுகள் தண்ணீரை உறிஞ்சிய சத்தம் வண்டிவரை கேட்டது.

அந்த ஒரு இடத்துக் கோளாறு என்று கிளைவ் கோப்பை மூடிவிட்டான். ஏப்ரலில் அளந்த டிரான்ஸ்பார்மர் இன்னும் முப்பத்தெட்டு இருக்கிறது.

நவம்பர் 16
புது அட்டை தயார். எல்லாப் பணிமனைக்கும் போக வேண்டும், மழைக்கு முன்னால் அளந்தாக வேண்டும். கீழே தடித்த எழுத்தில் என் பெயர். பத்தொன்பது வருடக் கதையையும் சொல்லி நொரீனிடம் காட்டினேன். தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"உன் பேரப் பார்த்துட்டு எவன் சூத்திரத்தப் படிப்பான்? கிளைவோட பழைய சண்டைன்னு தூக்கிப் போட்ருவாங்க."

திரும்பும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன்.

நவம்பர் 17
பெயரை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வறண்ட மாதத்து வரி, பெரிய எழுத்தில். உறையில் அனுப்புநர் பகுதி காலி. மதியத் தபாலில் போடுகிறேன்.