கணக்கில் சேராத மணித்தியாலங்கள்

மச்சாள்,

இன்று பின்னேரம் உன் மகள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவளுக்கு முன்னால் கூழ்முட்டை நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுப்படியில் நின்ற எனக்கு ஒரு கணம் நீதான் வருகிறாய் என்று பட்டது. "ஆய்வுகூடத்திலை வாயு செய்தனாங்கள், மாமி" என்று சிரித்தபடி முகம் கழுவப் போனாள். நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

நீயும் அந்த மணத்தோடுதான் வருவாய். கல்யாணமாகி ஈராண்டில் உன் புருஷன் காய்ச்சலில் போய்விட, கைக்குழந்தையோடு எங்கள் உரும்பிராய் வீட்டுக்கு வந்தாய். பள்ளியில் ஒன்றாகப் படித்த நாம் மறுபடி ஒரே வீட்டில், நான் உன் அண்ணையின் பெண்சாதியாக. பிள்ளையை என் மடியில் இருத்திவிட்டு நீ கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்புப் படிக்கப் போனாய். வகுப்பு நிறைய ஆண்கள். நீ ஒருத்திதான் பெண்.

நீ பரீட்சையில் சித்தியடைந்ததும் அமெரிக்காவில் ஒரு கல்லூரி உதவிச் சம்பளத்தோடு இடம் தந்தது. பட்டத்துக்கு நாலு வருடம். இங்கே படித்ததைப் பட்டத்தின் பாதியாக ஏற்றுக்கொண்டால் இரண்டு. "ரெண்டு வரியமெண்டால் போ. அதுக்கு மேலை பிள்ளையை விட்டிட்டு இருக்கேலாது" என்று இவர், உன் அண்ணை, சொல்லிவிட்டார். அவர் சொன்னது பிழையென்று உன்னாலும் சொல்ல முடியவில்லை.

படித்ததை அவர்கள் எப்படி அளப்பார்கள் என்று கேட்க, இங்குள்ள உன் கல்லூரி அதிபரிடம் நாம் இருவரும் போனோம். அவர் அமெரிக்காக்காரர்; தமிழைப் புத்தகம் வாசிப்பதுபோலப் பேசுவார். "அங்கே முடிவுப் பரீட்சை ஒன்று மாத்திரம் போதாது, அம்மா. ஒரு பாடத்துக்கு வாரம் ஒரு மணித்தியாலம் வீதம் அரையாண்டு முழுதும் வகுப்பில் இருந்தால், அது ஒரு செமெஸ்டர் மணித்தியாலம். அப்படிச் சேர்த்துச் சேர்த்தே பட்டம்."

உன் முகம் மலர்ந்தது. "அப்ப பின்னேரம் பின்னேரமாய் ஆய்வுகூடத்திலை நிண்டதெல்லாம் சேருந்தானே?"

அவர் தயங்கினார். "ஆய்வுகூடத்தில் மூன்று மணித்தியாலம் நின்றால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்."

கை பொள்ள நின்ற அத்தனை பின்னேரங்களும் மூன்றிலொன்றாய்ச் சுருங்கின. கூட்டிப் பார்த்தால் பாதிக்குக் குறைவு. அன்று நீ சாப்பிடவில்லை.

மறுநாள் கிணற்றடியில் தலை தோய்ந்துகொண்டு நின்றவள் வாளியை அப்படியே விட்டாய். "எடி, அங்கை வேற்று மொழியும் ஒண்டு படிக்கவேணுமாம். எங்களுக்குத்தான் தமிழ் தாய்மொழி. அவைக்கு அது வேற்று மொழிதானே?"

ஈரத் தலையோடு அதிபரிடம் வெளிக்கிட்டாய். அதிபர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். நீ படித்த இலக்கணம், இலக்கியம் எல்லாம் விவரித்து அந்தக் கல்லூரிக்கு எழுதினார்.

மறுமொழி வரவில்லை. கப்பல் நாள் வந்துவிட்டது.

"முடிவு தெரியாமல் எப்பிடிப் போறது?" என்றார் இவர்.

"இதை விட்டால் அடுத்த வரியந்தான், அண்ணை. அப்ப பிள்ளைக்கு இன்னும் விளங்கத் தொடங்கீடும். இப்ப போனால்தான் போவன்."

நீ போனபிறகு தபாற்காரரின் மணி கேட்டால் அடுப்பில் வைத்ததையும் விட்டுவிட்டுப் படலைக்கு ஓடுவேன். முடியாதென்று எழுதியிருந்தால்? நாலு வருடமென்றால்? அதற்குள் இவள் உன்னை மறந்துவிட்டால்? கடைசியில் உன் கடிதம் வந்தது. தமிழை ஏற்றுக்கொண்டார்களாம். இன்னும் கொஞ்சம் குறைகிறதாம். மற்றவர்கள் விடுமுறையில் வீடு போக, நீ கோடை வகுப்புக்குப் போய் அதை நிரப்புவாயாம். சொன்னபடி இரண்டாம் வருட முடிவில் பட்டத்தோடு வந்து இறங்கினாய்.

பிள்ளை என் சேலைக்குப் பின்னால் ஒளித்தாள். நான் அவளை முன்னுக்குத் தள்ளப் பார்த்தேன். "விடு, இழுக்காதை" என்றாய். பிறகு அறைக்குள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாய். "ஒரு கல்லூரியிலை படிச்ச மணித்தியாலத்தை மற்றக் கல்லூரி சேர்த்துக் குடுக்குது. நான் இவளோடை இல்லாததை ஆர் சேர்த்துத் தருவினம், மச்சாள்?"

ஒருவரும் சேர்த்துத் தரவில்லை, நீயாகத்தான் சேர்த்தாய். அவள் சாப்பிடும்போது தள்ளி இருந்து கதை சொன்னாய். நீ படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஆய்வுகூடம் தொடங்கிய நாளில் அவளையும் கூட்டிப்போனாய். மாரி மழை தொடங்க முந்தி, ஒருநாள் தலைவாரிவிடச் சொல்லி அவளே சீப்பைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தாள். அதற்குப் பிறகு நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை உங்கள் இருவரையும் பிரித்துப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

இன்று இராச்சாப்பாட்டில் அவள், "மாமி, நான் கொழும்பிலை போய்ப் படிக்கட்டே?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார்.

"ஓம், போ" என்றேன்.

எனக்குப் பயம்தான், மச்சாள். ஆனால் நீ கப்பலுக்குப் புறப்பட்ட அன்று கோண்டாவில் ரயில் ஸ்டேசனில் எல்லோரும் உன் துணிச்சலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்க, உன் கையைப் பிடித்திருந்தவள் நான். அது எப்படி நடுங்கியது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். நடுங்கிக்கொண்டேதான் ஏறினாய். அந்த நடுக்கம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.