ஓம் சொல்ல ஆளில்லாத எஞ்சின்

தூரத்தில் வரும் வாகனத்தின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லிவிடும் என் அருமை அண்ணாவுக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்கள் சிவப்புக் கார் மறுபடியும் எழும்பி நிற்கிறது. நாளைக் காலை லொறி வரும். ஏற்றிக்கொண்டு தெற்கே பந்தயப் பாதைக்குப் போகிறோம். நாளை மறுநாள் பயிற்சி ஓட்டம், டர்போவை முழுதாகத் திறந்துவிட்டு. ஓட்டப்போவது உங்கள் மகள் கீர்த்தனா. எஞ்சினைக் கட்டியவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. சோறு இறங்குதில்லை.

ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில், இடது சீட்டில் நான் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் நீங்கள் போட்டதுதானே. "கட்டின கை இடது சீட்டில இருக்கோணும். தான் ஏறப் பயப்பிடுற எஞ்சினை இன்னொருத்தரிட்டக் குடுக்கக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊரில் பெயர் எடுத்தீர்கள். இத்தனை வருசமும் கட்டின கை உங்களுடையது. நான் கழுவினேன், அளந்தேன், அடையாளம் வைத்தேன். ஒருமுறை ஆசைக்கு என்னை ஏற்றிக்கொண்டு உப்புவெளிப் பக்கம் போனீர்கள். நான் கத்திய கத்தில் காரை நிற்பாட்டி, "இறங்கு, பஸ்ஸில வா" என்று விட்டுவிட்டுப் போனீர்கள். அதை வைத்து எத்தனை வருசம் பகிடி பண்ணியிருப்பீர்கள்!

ஆனால் இப்போது என் பயம் என்னைப் பற்றியது இல்லை. காரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கீர்த்தனா கேட்ட அன்று, அண்ணி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவள் தேப்பன்ர பிள்ளை. நான் மறிச்சாலும் நிக்க மாட்டாள். நீ சொல்லு வசந்தி. ஏறலாம் எண்டு நீ ஓம் சொன்னா நான் விடுறன். சொல்லாட்டி காருக்கு முன்னால படுப்பன்."

என் ஒரு ஓமில் உங்கள் பிள்ளையின் உயிர். கார் கட்டி முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றுவிட்டு கராஜுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. பந்தயத்தில் மூன்றாம் பிஸ்டன் உடைந்து, புகை கக்கிக்கொண்டு வந்த காரை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்! கழற்றி மேசை முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தீர்கள். ஒரு சின்னச் சத்தம் கேட்டால் எஞ்சினையே இறக்கிப் பார்க்கிற மனுசன், சொந்த நெஞ்சு நோகுது என்று ஒரு டொக்டரிடம் காட்டியிருக்கக் கூடாதா? அந்த மேசைக்கு முன்னாலேயே விழுந்தீர்கள். பிறகு நான் அந்த மேசையைத் துடைக்கவே இல்லை, எண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தேன்.

உங்கள் மகளுக்குப் பழையபடி திருத்தினால் போதாதாம். பலம் கூட்ட வேண்டுமாம். "அப்பா செய்ய நினைச்சதுதானே மாமி" என்று ஒரே போடாகப் போட்டாள். பெரிய டர்போ பார்த்து எடுத்தாள். டர்போ பெரிதாக, உள்ளே தள்ளுகிற காற்று கூடும். காற்றுக்கு ஏற்ற மாதிரி பெற்றோலும் கூடும். அப்போது உள்ளே வெடிக்கிற வெடி பழைய பிஸ்டனுக்குத் தாங்காது. ஆகவே வார்த்த பிஸ்டனுக்குப் பதிலாக அடித்துச் செய்த பிஸ்டன், பிஸ்டனைத் தாங்குகிற தடித்த கனெக்டிங் ராட், எஞ்சின் தலையைப் பிடிக்கப் பலமான போல்ட், உலோகக் கேஸ்கெட். ஒவ்வொரு பெட்டியும் வந்திறங்கும்போது அவள் துள்ளினாள். பலம் கூட்டக் கூட்ட, உடைந்தால் உடைகிற வேகமும் கூடும் என்பதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

சிலிண்டர் துளையைப் பெருப்பித்து வந்த எஞ்சின் பிளொக்கை எண்ணெய் பூசி, என் பழைய சேலையால் சுற்றி வைத்தேன். ஓர்ஸ் ஹில் குன்றுக்கு அடியில் இருக்கிற நம்ம கராஜுக்குத் துறைமுகக் காற்று நேராக அடிக்கும் அல்லவா, ஒரு பகல் மூடாமல் வைத்தால் துரு பிடித்துவிடும். மான்களும் வருகின்றன. நீங்கள் திட்டிக்கொண்டே வாழைப்பழத் தோல் வைப்பீர்களே, அந்தப் பழக்கத்தில் இன்னும் வாசலில் வந்து நிற்கின்றன. நான் திட்டுவதில்லை, தோலை மட்டும் வைக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு ஏசக் கூடாது.

நம் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. நீங்கள் அளவுச் சாவியால் போல்ட்டை இறுக்குவீர்கள். சரியான இறுக்கம் வந்ததும் சாவி 'டக்' என்று சத்தம் போடும். நீங்கள் "ஓமோ?" என்று கேட்பீர்கள். நானும் அந்த 'டக்'கைக் கேட்டிருந்தால் "ஓம்" என்று சொல்லி, போல்ட்டின் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போடுவேன். இரண்டு பேர் காதிலும் விழாத போல்ட் இறுகாத போல்ட். அண்ணியின் அலுமாரியிலிருந்து நீங்கள் களவெடுத்த நகப்பூச்சுப் போத்தல்கள்தான் இந்த ஊரில் எத்தனை எஞ்சினுக்குள் ஓடுகின்றன!

இப்போது யார் கேட்பது? கீர்த்தனாவுக்குக் கொழும்பில் வேலை. கிழமைக் கடைசியில், சனி ஞாயிறில்தான் வருவாள். கிழமை நாட்களில் நான் தனியாக இறுக்கினேன். 'டக்' என்றது. "ஓமோ?" என்று நானே கேட்டேன். "ஓம்" என்று நானே சொன்னேன். கோடு போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தால் மனம் சொல்கிறது, அந்த மூன்றாவது ராட்டின் போல்ட்டில் 'டக்' கேட்டது நிசமா, கேட்ட மாதிரி நினைத்தேனா? விடிந்ததும் ஓடிவந்து கோட்டைச் சுரண்டிவிட்டுக் கழற்றினேன். திருப்பி இறுக்கினேன். நிம்மதிக்காக, 'டக்'குக்குப் பிறகும் ஒரு சின்னத் திருகு. அடுத்த நாளும் அதே நினைப்பு, அதே ஓட்டம், இன்னொரு சின்னத் திருகு.

கீர்த்தனா வந்தாள். எண்ணெய்த் தொட்டியை மூடுவதற்கு முன் டோர்ச் அடித்து உள்ளே பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமி, இந்த ராட்டில ஏன் கோடு இவ்வளவு தடிப்பா இருக்கு? கழட்டிப் பூட்டினீங்களோ?"

"ஒருக்கா... சந்தேகத்தில."

"ஒருக்காவோ?"

அவள் அந்தப் போல்ட்டைக் கழற்றி, பெட்டியில் மிச்சமிருந்த புதுப் போல்ட்டுக்குப் பக்கத்தில் மேசையில் நிறுத்தினாள். பிறகு மைக்ரோமீற்றரால் இரண்டையும் அளந்தாள். நான் இறுக்கியது நீண்டிருந்தது. இழுபட்ட போல்ட் அண்ணா. மெல்லிய மயிர் அளவுதான், ஆனால் எவ்வளவு போதும் என்று உங்களுக்குத் தெரியும். டர்போ முழுப் பலத்தில் ஊதும்போது அது அறுந்திருக்கும். ராட் பிளொக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். அந்த வேகத்தில், கொதிக்கிற எண்ணெய் ரயருக்கு அடியில் கொட்ட, ஸ்டியரிங் அவள் கைக்கு அடங்கியிருக்குமா?

உங்கள் பழைய கதிரையில் இருந்துவிட்டேன். "என்னால ஏலாது பிள்ளை. வேற ஆரிட்டையும் குடு. நான் உன்னைச் சாக்காட்டப் பாத்தனான்" என்று அழுதேன். எங்கே பிழை வந்துவிடுமோ என்று பயந்து பயந்து, பிழையை என் கையாலேயே செய்து வைத்திருந்தேன். வாய்விட்டுத்தான் அழுதேன், ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? உங்கள் அதே முறைப்பு. "பயப்பிடுங்கோ மாமி. நல்லாப் பயப்பிடுங்கோ. ஆனா இனிக் கழட்டக் கூடாது. நான் இல்லாம ஒரு போல்ட்டிலயும் கை வைக்கவும் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது" என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித்தான் சொன்னேன்.

நான் தனியாக இறுக்கிய போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டோம். புதியவை வந்த கிழமைக் கடைசியில், நான் நின்று வந்த இடத்தில் அவள் நின்றாள், நீங்கள் நின்ற இடத்தில் நான். இறுக்கினேன். 'டக்'. "ஓமோ?" என்று கேட்பது உங்கள் வேலை என்று நினைத்து நின்றுவிட்டேன். அவள் காத்திருந்தாள். கேட்டேன். "ஓம் மாமி" என்றாள். கோடு போடப் பார்த்தால் போத்தல் காய்ந்து கட்டியாகிக் கிடக்கிறது. இருவரும் முழித்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரம் அண்ணி உள்ளே வந்தார். நீங்கள் போன பிறகு அண்ணி கராஜுக்குள் கால் வைத்ததே இல்லை. தேத்தண்ணி கொண்டு வந்தவர், எங்கள் முழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீடு பின்பக்கம்தானே, நிமிசத்தில் வந்து புதுச் சிவப்பு நகப்பூச்சுப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார். "அந்த மனுசன் ஆயுள் முழுக்க என்ர அலுமாரியில களவெடுத்தவர். இது நானாத் தாறது. வடிவாப் போடு" என்றார். பிறகு போகவில்லை. கடைசிப் போல்ட் வரைக்கும் சுவரில் சாய்ந்தபடி நின்றார்.

முதல் ஸ்டார்ட்டையும் சொல்ல வேண்டும். பெற்றோலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினோம், எண்ணெய் ஏறட்டும் என்று. அழுத்தம் காட்டுகிற முள் அசையவில்லை. சுழற்றினோம், அசையவில்லை. கடவுளே, கோணேசா என்று நான் கும்பிடத் தொடங்கிவிட்டேன். கீர்த்தனா உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒருக்காச் சுழற்றினாள். முள் துடித்து மேலே ஏறியது. பெற்றோலைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினதும் குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணி ஓடிவந்து, "அவர்ர சத்தம்" என்று மட்டும் சொல்லி, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிறகு டர்போவைக் குறைத்து வைத்துக்கொண்டு, எஞ்சின் பழகட்டும் என்று உப்புவெளிக்கும் இங்கும் மெல்லமாக ஓட்டினோம். எண்ணெயை வடித்து விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரும்புத் துகள் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நேற்றுக் கராஜுக்குத் தனியாகப் போனபோது, என் கை தானாக அளவுச் சாவியை எடுத்தது. சும்மா எடுத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி ஒரேயொருக்காப் பார்ப்போமா என்று மனம் கெஞ்சியது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பார் என்றிருப்பீர்களா, விடு என்றிருப்பீர்களா? சாவியைக் கொண்டுபோய், ஓட்டத்துக்காக லீவில் வந்து நிற்கிற கீர்த்தனாவின் கையில் கொடுத்தேன். அவள் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்று பின்னேரம் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தார்.

"நாளைக்கு லொறி வரும். நான் அண்டைக்குக் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லேல்ல."

"தெரியும் அண்ணி."

"பயமோ?"

"பயம்தான். உங்களை விடக் கூடப் பயம்."

"அப்ப?"

எஞ்சினுக்குள் இருக்கிற ஒவ்வொரு போல்ட்டையும் மனதுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அண்ணியின் சிவப்புக் கோடு இருந்தது.

"ஓம்" என்றேன். "அவள் ஏறலாம். இடது சீட்டில நான் இருப்பன்."

அண்ணி என் கையைப் பிடித்தார்.

அண்ணா, பயம் போகவில்லை. நாளைக்கும் போகாது. அந்தச் சீட்டில் இருந்து நான் கத்தினால் நீங்கள் எங்கிருந்தாவது சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் இந்த முறை காரை நிற்பாட்டச் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி வரைக்கும் இருப்பேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு. இரண்டு பேர் கேட்க இறுக்கிய ஓம் இது, இனிக் கழற்ற மாட்டேன்.

இடது சீட்டுக்குப் போகிற,
உங்கள் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி
வசந்தி