ஓரக் கம்பிகள் அதிர்ந்த காரணம்

அன்புத் தங்கைக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் படியேறும்போது தலைகாட்டுகிறது. அதனால் மாடி அறையை மூடிவிட்டுக் கீழேயே படுக்கிறாள். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் படித்தேன். பிறகு சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன். கச்சேரியில் இரண்டாவது பாட்டிலேயே உன் நாத்தனாரின் கிட்டார் கரகரத்ததையும், அவள் வாசிப்பை நிறுத்தியதையும், மீதியை நீ துணையில்லாமல் பாடி முடித்ததையும் எழுதியிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் “என் கைக்கு இதெல்லாம் வராது” என்று சொல்லி அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம்.

அவள் கையில் ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்.

அவளுடைய ஸ்டீல் கம்பிக் கிட்டாருக்குக் கழுத்து அகலம், கழுத்தின் குறுக்கே மாட்டிக் கம்பிகளை அழுத்தும் நம் காப்போ கடைசிக் கம்பி வரை எட்டவில்லை, எதை வாங்குவது என்று மூன்று மாதம் முன்பு கேட்டாய். நைலான் கம்பிக் கிட்டாருக்கு விற்பதை வாங்கு, நீளம் போதும் என்று எழுதினேன். நீளம் போதும்தான். ஆனால் அதன் பட்டை தட்டையானது. அவள் கிட்டாரின் கழுத்தோ நடுவில் மேடு. குறுக்கே ஸ்கேலை வைத்தால் இரண்டு பக்கமும் ஆடுகிறது என்று நீயே எழுதியிருந்தாய். மேட்டின்மேல் தட்டைப் பட்டையை வைத்தால் நடுக் கம்பிகள் அழுந்தும், ஓரக் கம்பிகள் சரியாக அழுந்தாமல் அதிரும். நாள் முழுக்க லென்ஸின் வளைவைப் பார்த்துப் பிழைப்பவள் நான். தெரியாமல் எழுதிவிட்டேன் என்றால் எங்கள் முதலாளியே சிரிப்பார்.

தெரிந்துதான் எழுதினேன்.

காப்போ கேட்டு நீ எழுதிய அந்தக் கடிதத்தில், ‘அக்கா வாசித்தால் எங்கே மூச்சு விடலாம் என்றுகூடத் தெரிகிறது’ என்று ஒரு வரி. பதினொரு வருடம் உன் பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவளாயிற்றே, என்னைத்தான் சொல்கிறாய் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த வரியில்தான் தெரிந்தது, நீ அக்கா என்றது உன் நாத்தனாரை. வயிறு பற்றி எரிந்தது. அன்று சாயங்காலமே பதில் எழுதி, மனம் மாறுவதற்குள் தபாலில் போட்டுவிட்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன். கிட்டார் கரகரத்தது என்று படித்தபோது ஒரு கணம் இனித்தது. நீ தனியாக நின்று பாடினாய் என்ற இடத்துக்கு வந்ததும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளைக் கவிழ்க்க நினைத்து உன்னையல்லவா நட்டாற்றில் விட்டேன்.

இத்துடன் ஒரு காப்போ அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு கம்பிக் கிட்டாருக்குச் செய்தது. நீளமும் உண்டு, பட்டையில் வளைவும் உண்டு. கடைக்காரம்மாவிடம் கெஞ்சி, அகலக் கழுத்துக் கிட்டார் ஒன்றில் போட்டு ஆறு கம்பியையும் தனித்தனியாக மீட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையை ஒட்டி, சற்றுப் பின்னால் பொருத்தச் சொல். திருகை ஒரேயடியாக முறுக்க வேண்டாம், சுருதி ஏறிவிடும். எல்லாக் கம்பியும் தெளிவாகப் பேசியதும் நிறுத்திவிடட்டும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் கிட்டாரைத் தொடுவதே இல்லை என்று கேட்கிறாள். கம்பி துருப்பிடித்துவிட்டது என்று சமாளிக்கிறேன்.

உன் நாத்தனாரிடம் நடந்ததைச் சொல்லிவிடு. என் பெயரை மூடி மறைக்காதே. தன் கையைச் சந்தேகப்பட்டு அவள் ஒரு நாள்கூட வாசிக்காமல் இருக்கக் கூடாது. அவளை அக்கா என்றே கூப்பிடு, பழகிய வாயை மாற்ற வேண்டாம். மழைக்காலத்தில் வெந்நீரே குடி, தொண்டையைப் பார்த்துக்கொள்.

என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது. திட்டவும் மனம் வரவில்லை என்றால், என் முகவரியை மட்டும் உன் கையால் எழுதி, வெறும் கவரையாவது அனுப்பு.

உன் குரல் ஒருநாளும் தளரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
உன் உடன்பிறந்தவள்.