ஜெபிஷா அழாத காட்சி

ஏப்ரல் 21, 2025

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஜெபிஷா. எப்போது வந்தாளோ, காலில் சத்தமே இல்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "கருகுது" என்றாள், கண்ணை இமைக்காமல். ஒன்பது வயதுப் பிள்ளை. பிராங்ளினைக் கட்டிக்கொண்டு நான் குன்னூர் வந்த இந்த நாலு மாதத்தில் அவர் மகள் என்னிடம் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நேற்று சாப்பிட உட்கார்ந்தேன். "அந்தச் சேர்ல எங்கம்மா உக்காந்திருக்காங்க" என்றாள். செத்து மூன்று வருஷமான மனுஷி! துள்ளி எழுந்துவிட்டேன். பிராங்ளின் சிரிக்கிறார். அவருக்கென்ன, அவர் நாற்காலியில் எந்தப் பேயும் உட்கார்ந்திருக்கவில்லையே.

ஏப்ரல் 24

"ஜெபிஷாவ ஜூன்ல ஊட்டி போர்டிங்ல சேத்திடலாமா? நீ சொல்றதுதான்." முடிவை என் தலையில் கட்டிவிட்டு பிராங்ளின் டீ ஃபேக்டரிக்குப் போய்விட்டார். சரி என்று வாய் வரை வந்தது. ஏன் சொல்லவில்லை? நல்லவள் என்று பேர் வாங்கவா?

மே 2

இப்படியும் நடக்குமா! ஜெகதளா பக்கம் ஒரு பங்களாவில் சினிமா எடுக்கிறார்கள். பேய்ப் படம், ஆனால் சிரிப்புப் படமாம். புதிதாக வரும் சித்தியை மூத்த தாரத்துப் பிள்ளை ஓட ஓட விரட்டுகிற கதை. சர்ச் வாசலில் ஜெபிஷா என்னை முறைத்ததை உதவி இயக்குநர் வடிவேல் பார்த்திருக்கிறார். "இந்தப் பார்வைதானுங்க வேணும்!" அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

மே 6

ஃபேக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து அதிகம் வருகிற சமயம், பிராங்ளினுக்கு லீவு இல்லை. ஷூட்டிங்குக்கு ஜெபிஷாவோடு நான்தான் போனேன். முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றி மை, வாயோரம் சிவப்புச் சாயம். கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். சித்தியாக நடிக்கும் அம்மாள் நிஜமாகவே அலறிவிட்டார்.

"இப்படிப் பாக்கறதுக்கு எங்க பாப்பா பழகினே?" என்றார் வடிவேல்.

"ஊட்டுல."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மே 7

போர்டிங்குக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது — இருக்கிறதா?

மே 9

கடைசிக் காட்சியில் பிள்ளை அழ வேண்டும். அழ மாட்டேன் என்கிறாள். கிளிசரின் போட்டுக் கண் சிவந்ததுதான் மிச்சம். "அக்கா, நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் வடிவேல். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் கடைக்குப் போனேன்.

பாதி டீ குடிப்பதற்குள் குன்னூர் பஸ் வந்தது. ஏறப்போன ஒருவர் கேரட் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார். உள்ளே ஜன்னல்களைச் சடசடவென்று இறக்குகிறார்கள். பார்த்தால், ரோட்டு நடுவில் ஜெபிஷா, பேய் வேஷத்தோடு. ஒருவரையும் பார்க்கவில்லை. நேராக வந்து என் பையைப் பிடுங்கினாள்.

"எங்க போறீங்க?"

"டீ குடிக்கத்தான் கண்ணு வந்தேன்."

"பொய். நீங்க பஸ் ஏறிட்டீங்க, இனி வரமாட்டீங்கன்னு அந்தண்ணன் சொன்னாரு. எங்கம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தர்றேன்னுதான் சொன்னாங்க."

அப்புறம் அழுதாள். தேம்பித் தேம்பி. மையும் சாயமும் என் சேலையெல்லாம் ஆயிற்று. பாவி வடிவேல்! பிள்ளையை அழவைக்க இப்படியா பொய் சொல்லுவே? அவர்கள் மேலே கேமராவை வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும் என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அழுகை நிற்கவில்லை.

மே 10

"போர்டிங் வேண்டாங்க."

"நீதானே சரின்னே?"

"இப்ப வேண்டாங்கறேன்."

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, பழைய பள்ளிக்கூடமேதான். கிளம்பும்போது வாசலில் வழியை மறித்தாள். "நான் வர்றப்ப ஊட்டுல இருப்பீங்களா?" இருப்பேன் என்றேன். சிரிக்கவெல்லாம் இல்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறதென்று பக்கத்து வீட்டு மருதாம்பாள் கூப்பிட்டார். பிள்ளை வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.